பூனை வீட்டுப் பெயரில் இரண்டு கோடுகள்

என் நாட்குறிப்பில், தை மாதத்து, அதாவது ஜனவரியின், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு வரிகள் உள்ளன. காலையில் உறைபனி. தோட்டத்துக் குழாய் இறுகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா பதினொன்றேகாலுக்கு வந்தார். பன்னிரண்டுக்கு முன்பே போய்விட்டார். அன்று நான் சொன்ன வசனம் அதில் இல்லை. மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது என்று லண்டனுக்கு வந்த நாளிலிருந்து எழுதிவைக்கிற எனக்கு, அந்த ஒரு வசனத்தை எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் இந்த வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக் கதவில் ஒரு பித்தளைப் பெயர்த்தகடு இருந்தது. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து: காட்ஸ். வாய்விட்டு வாசித்தால் பூனைகள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்கும். என் மனைவி முதல் வாரத்திலேயே அதைப் பூனை வீடு ஆக்கிவிட்டார். அங்கே பூனை இருந்ததில்லை. ஆனாலும் பிள்ளைகளின் பந்து "பூனை வீட்டுக்குள்ளை" விழுந்தது, கடிதம் "பூனை வீட்டுக்கு" மாறிப் போனது. பழகப் பழக அது பகிடி என்பதே எங்களுக்கு மறந்துபோனது.

இந்தத் தெருவில் ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் நிறைய இருந்தனவாம். அவர்கள் ஒவ்வொருவராக எசெக்ஸ் பக்கம் போக, நாங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். எங்கள் வாசல் நிலையில், பல பூச்சுப் பெயின்டுக்குக் கீழே, சாய்வாக ஒரு தழும்பு இருக்கிறது. முன்பிருந்தவர்கள் வேதவசனச் சுருளை வைத்த சிறிய கூட்டைக் கழற்றிக்கொண்டு போன இடம். பூனை வீட்டுக்காரர் மட்டும் போகவில்லை. கடந்த ஆடி மாதம் அந்த வீட்டு மனிதர் இறந்தார். எண்பத்தொரு வயது மனைவி தனித்தார்.

அவருடன் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் அது யாழ்ப்பாணத் தமிழாக வந்துவிடுகிறது. முப்பது வருடமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட குரல், என் காதில் அப்படித்தான் தங்கியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கடதாசியைக் கொண்டுவந்தார். பொங்கல் கழிந்த வாரம். மனைவி கொடுத்த தட்டில் இருந்ததில் வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கடதாசியை எங்கள் குசினி மேசையில் விரித்தார். கணவருடைய கல்லறைக் கல்லின் மாதிரி. அவர்கள் வழக்கத்தில் இறந்து ஒரு வருடத்துக்குள் கல் நாட்ட வேண்டும். ஆனி மாதத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கல்லின் உச்சியில் இரண்டு கைகள் வரையப்பட்டிருந்தன. பெருவிரல்கள் ஒன்றையொன்று தொட, மற்ற விரல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து நின்றன.

"கை வடிவா வந்திருக்கோ?" என்று கேட்டார்.

"எங்கடை கோயில் ஐயர் ஆசீர்வாதம் குடுக்கிற மாதிரி இருக்கு," என்றார் மனைவி.

"அதேதான். இவர் கோஹன். பழைய காலத்திலை கோயிலிலை பூசை செய்த ஆசாரியர் பரம்பரை. அப்பாவிலையிருந்து மகனுக்கு வாறது. கோஹனெண்டால்தான் கல்லிலை கை போடலாம்."

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்திய மாதம்தான் நூலகத்தில் குடும்பப் பெயர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை வாசித்து முடித்திருந்தேன். வாசித்தது உள்ளே கிடந்து கொதித்தது.

"காட்ஸ் எண்ட பெயர் உள்ள எல்லாரும் ஆசாரியர் இல்லை," என்றேன். "சில ஆக்களுக்கு அது வெறும் பூனைதான். பெரிய பெயரை வெட்டிக் குறுக்கினவையும் இருக்கினம்."

வசனம் இதுதான்.

அவர் வாழைப்பழத் தோலை நாலாக மடித்தார். பிறகு கடதாசியை மடித்தார்.

"அப்ப அவர் சும்மாவோ வெளியிலை நிண்டவர்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். கோஹன் பிரேதத்துக்குக் கிட்டப் போகக் கூடாது. இடுகாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. தாய் தகப்பன், மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் போன்ற மிக நெருங்கிய இரத்தத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மனைவியின் சகோதரன் அந்தக் கணக்கில் இல்லை. கலியாணம் முடித்து மூன்றாம் வருடம் இந்த அம்மாவின் ஒரே தம்பி விபத்தில் செத்தான். அடக்கம் செய்த அன்று மழை.

"நான் தம்பியை இறக்கின கிடங்குக்குப் பக்கத்திலை தனிய நிண்டனான். இவர் மதிலுக்கு வெளியிலை. மதிலுக்கு மேலாலை இவற்றை குடை மட்டும் தெரிஞ்சுது. குடையைப் பாத்துப் பாத்து அழுதனான். பிறகு ஐம்பது வருஷம் இந்த மனுசனோடை குடும்பம் நடத்தினனான், அந்தக் குடையை மட்டும் மன்னிக்கேல்லை. ஆனா பரம்பரை, கடமை, அவர் என்ன செய்யிறது எண்டு மனதைத் தேத்தினனான். இப்ப நீங்கள் பூனை எண்டு சொல்லுறியள்."

அவர் போன பிறகு மனைவி தட்டைக் கழுவினார். நேரம் எடுத்துக் கழுவினார்.

"இஞ்சாருங்கோ," என்றார் கடைசியில். "அந்த மனுசி உங்களிட்டைக் கேட்டது, கை வடிவா இருக்கோ எண்டு. வடிவா இருக்கு எண்டு சொல்ல உங்களுக்கு எத்தனை புத்தகம் தேவை?"

அடுத்த சில வாரங்கள் நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. பேப்பரை விரித்துவிட்டு மாடிக்குப் போவேன். மாடிக்கு ஏன் வந்தேன் என்று தெரியாமல் இறங்குவேன். வேலிப் பக்கம் போனால் அந்த வீட்டுக் குசினி யன்னல் தெரியும். அதனால் குப்பையைக்கூட முன்வாசலால் கொண்டுபோய்ப் போட்டேன். கல் வேலைக்காரருக்கு மாசி மாத முடிவுக்குள் இறுதி வடிவம் வேண்டுமாம். அம்மா இன்னும் கொடுக்கவில்லை என்று மனைவி சொன்னார். கைகளை எடுத்துவிடச் சொல்லலாமா என்று யோசிக்கிறாராம்.

நான் மறுபடி நூலகத்துக்குப் போனேன். முதல் முறை பெருமைக்கு வாசித்ததை இம்முறை பயத்துடன் வாசித்தேன்.

காட்ஸ் என்பது பெரும்பாலான யூதக் குடும்பங்களில் ஒரு சொல்லே அல்ல. கோஹன் செடெக் என்ற இரண்டு சொற்களின் முதலெழுத்துகள். நீதியின் ஆசாரியன் என்று பொருள். கோஹனின் 'க'வையும் செடெக்கின் எபிரேய முதலெழுத்தான 'ட்ஸ'வையும் சேர்த்து, நடுவில் ஓர் அகரத்தை வைத்து வாசித்தால் காட்ஸ். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அரசுகள் சட்டம் போட்டு யூதர்களுக்குக் குடும்பப் பெயர்களைத் திணிக்கத் தொடங்கின. அதற்கு வெகு முன்பே இந்தச் சுருக்கம் வழக்கில் இருந்தது. அதுவரை பெரும்பாலோருக்கு இன்னாருடைய மகன் இன்னார் என்பதே பெயர். செகல் என்ற பெயரும் இதே மாதிரிச் சுருக்கம்தான். அது ஆசாரியருக்கு உதவியாக நின்ற லேவியருக்குரியது. ஜெர்மனியிலும் லித்துவேனியாவிலும் ஹங்கேரியிலும் காட்ஸ்கள் பரவி, பிறகு அமெரிக்காவில் பெருகினார்கள். லண்டனில் அவ்வளவு இல்லை. நூலகத்தில் இருந்த பழைய தொலைபேசிப் புத்தகத்தில் கோஹன்கள் பக்கம் பக்கமாகப் போனார்கள். காட்ஸ்கள் ஒரே பார்வையில் முடிந்துவிட்டார்கள். யூதரல்லாத ஜெர்மானியரிடமும் இதே பெயர் உண்டு. அவர்களுக்கு அது பூனைதான். ஆக, நான் சொன்னது பிழையல்ல. அதுதான் என்னை இன்னும் இருக்கவிடாமல் செய்தது. பிழையென்றால் போய் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம்.

முதலெழுத்துகள் சேர்ந்து குடும்பப் பெயராவதை எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு ஒரு புள்ளி வைப்போம், அவ்வளவுதான். எனக்கு இரண்டு: அப்பப்பாவுக்கு ஓர் எஸ், அப்பாவுக்கு ஓர் ஐ. நான் இந்த நாட்டில் இறங்கியபோது என் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர் இரண்டு புள்ளிகளையும் விட்டுவிட்டார். எஸ்ஸும் ஐயும் ஒட்டிக்கொண்டு 'சை' ஆகி, குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. முதல் வேலைக்குப் போன கிட்டங்கியில் ஆங்கிலேயர்கள் சந்தோசப்பட்டார்கள். சைமனைச் சுருக்கிச் சை என்பார்களாம். சொல்ல வசதியாகப் போயிற்று. அருவருப்பு வந்தால் நாங்கள் சொல்கிற சொல், காலை ஆறு மணியிலிருந்து என்னைக் கூப்பிட்டபடி இருந்தது. கலியாணம் முடித்து மனைவி வந்த முதல் நாள், கடித உறையைப் பார்த்துவிட்டு, "சை, தேத்தண்ணி குடிக்கிறியளே?" என்று கேட்டார். சட்டத்தரணியிடம் சத்தியக் கடதாசி எழுதித் திருத்த இரண்டு வருடம் ஆனது. இப்போதும் அந்தக் கிட்டங்கியின் ஓய்வூதியக் கடிதம் சைக்குத்தான் வருகிறது.

புள்ளி இருந்தால் முதலெழுத்து. புள்ளி போனால் வேறு ஏதோ. இது எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த நேரத்தில் இதற்கும் பூனை வீட்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

மாசி இரண்டாம் வாரம் நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"நான் சொன்னது பொதுவான கதை. உங்கடை அவரைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது," என்றேன்.

"எனக்கும் தெரியாது. அதுதானே பிரச்சினை," என்றார். உள்ளே விட்டார்.

மேசையில் கடதாசிகள் பரவியிருந்தன. கலியாணச் சாசனத்தில் கணவர் கோஹன் என்றுதான் இருந்தது. ஆனால் அது அவர் சொல்லி மற்றவர் எழுதியது. தொழுகைக் கூடத்திலும் அவர் சொன்னதை நம்பித்தான் கோஹனுக்குரிய முதல் மரியாதையை அவருக்குக் கொடுத்தார்கள். அவருக்கு அது எப்படித் தெரியும்? தாய் சொன்னது. தகப்பன் லித்துவேனியாவிலிருந்து இளைஞனாகத் தனியே வந்து, லண்டன் வைட்சப்பலில் தையல் கடையில் இஸ்திரி போட்டவர். மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார்.

"உங்கடை தொழுகைக் கூடத்து ராபியிட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். நல்ல மனுசன். குடும்பத்திலை அப்பிடிச் சொல்லி வந்தாப் போதும், தாராளமாய்ப் போடலாம் எண்டார். போடலாமோ எண்டு நான் கேக்கேல்லை. உண்மையோ எண்டு கேட்டனான்."

"அவற்றை தகப்பன்ரை கல்லிலை என்ன இருக்கு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் பாக்கேல்லை. இவரும் பாக்கேல்லை. தகப்பனை அடக்கம் செய்த அண்டு உள்ளை போகலாம், போனவர். பிறகு போறதில்லை எண்டு இருந்திட்டார். கோஹனல்லோ."

அந்த இடுகாடு மனோர் பார்க்குக்கு அப்பால் பஸ்ஸில் சிறிது தூரம். இடுகாட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயரையும் இறந்த வருடத்தையும் கொடுத்தேன். வரிசையும் இலக்கமும் சொன்னார்கள். முதலில் நான் தனியே போய்ப் பார்ப்பது என்று முடிவானது. அவருக்கு முழங்கால் வலி, எனக்குப் பதற்றம்.

"எண்டைக்குப் போறியள்?" என்றார் மனைவி.

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமை சவக்காலைக்கோ? விசரோ?"

"அப்ப செவ்வாய்?"

"செவ்வாயும் வேண்டாம். ஒருத்தரும் போகாயினம். சனிக்கிழமை போங்கோ. சனியனும் ஆச்சு, சவமும் ஆச்சு."

குசினிச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கக் கலண்டரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். சனி நல்ல நாளாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலை எட்டுப் பத்துக்குப் புறப்பட்டு, எட்டு ஐம்பத்தைந்துக்குக் கேற்றின் முன் நின்றேன். பூட்டு. தகவல் பலகையில் திறக்கும் நாட்கள் எழுதப்பட்டிருந்தன. சனி இல்லை. யூதர்களின் ஓய்வு நாள்! அந்தப் பெயரின் வரலாற்றை மூன்று நூற்றாண்டு பின்னோக்கி வாசித்தவன், முப்பது வருடம் சனிக்கிழமைகளில் பூனை வீட்டில் காரே எடுக்காததைப் பார்த்தவன், ராகு காலம் பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றேன். பக்கத்தில் நாயுடன் போனவர் எனக்காக வருத்தப்பட்டார். யாரோ சொந்தக்காரரைப் பார்க்க வந்தேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து கதையைச் சொன்னபோது பக்கத்து வீட்டு அம்மா சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்ததைக் கண்டேன்.

"நாளைக்கு நானும் வாறன்," என்றார். "உங்களைத் தனிய விடேலாது."

ஞாயிற்றுக்கிழமை எலிசபெத் லைன் இரயில் பாதையில் திருத்த வேலை. குட்மேய்ஸ் ஸ்டேஷன் வாசலில் மாற்று பஸ் நின்றது. செவன் கிங்ஸ், இல்போர்ட் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போனது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தரம் எழுந்து சாரதியிடம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டேன். இரண்டாம் தரம் அவர் விரலால் என் இருக்கையைக் காட்டினார். அம்மா கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். பைக்குள் அந்தக் கடதாசி இருந்தது.

"கல்லிலை கை இல்லாட்டி?" என்றார் வெளியே பார்த்தபடி.

பேசாமலிருக்க நான் பட்ட பாட்டை அவர் அறிந்திருக்க மாட்டார்.

மனோர் பார்க்கில் இறங்கி வேறு பஸ் எடுத்தோம். தூறல் தொடங்கியது. கேற் திறந்திருந்தது. வரிசைகள் நெருக்கமாக இருந்தன, கற்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. பல கற்களின் உச்சியில் விரல் பிரிந்த கைகள். ஒவ்வொரு சோடிக் கையைக் கடக்கும்போதும் என் நடை வேகமாகியது. அவருடைய நடை மெதுவாகியது.

இலக்கத்தைக் கண்டுபிடித்தோம். கல் முன்பக்கம் சரிந்திருந்தது. உச்சி இல்லை. மணல் கல், பனியிலும் வெயிலிலும் தகடு தகடாகக் கழன்று, கைகள் இருந்திருக்கக்கூடிய இடம் முழுவதும் உதிர்ந்துபோயிருந்தது. கீழே ஆங்கில வரி மழுங்கி, இறந்த வருடம் மட்டும் மிஞ்சியது. அது அலுவலகம் சொன்ன வருடம்தான். நடுவில் எபிரேய எழுத்துகள். அவை செதுக்கியவை அல்ல. ஈயத்தில் வார்த்து, சிறிய துளைகளில் அடித்துப் பதித்தவை. பாதிக்கு மேல் விழுந்துவிட்டன. விழுந்த எழுத்துகளின் இடத்தில் துளைகள் மட்டும் இருந்தன.

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். தொழுகைப் புத்தகத்தில் பழகிய எழுத்து, மெதுவாக வாசிப்பார்.

"இதிலை தொடங்குது. 'இங்கே அடக்கம்'. ரெண்டே ரெண்டு எழுத்து. எல்லாக் கல்லிலையும் இருக்கும்." விரல் கீழே வந்தது. "இது மகன் எண்ட சொல். இன்னாற்றை மகன். பெயர் விழுந்திட்டுது. அதுக்குப் பிறகு ஏதோ இருந்திருக்கு, அதுவும் இல்லை. கடைசியிலை..." நிறுத்தினார். "கடைசியிலை எங்கடை பெயர். முதல் எழுத்து இல்லை. பின்னெழுத்து மட்டும் இருக்கு. ட்ஸ்."

நான் பக்கத்தில் குந்தினேன். நூலகப் புத்தகத்திலிருந்து எழுத்துகளை என் கொப்பியில் வரைந்து கொண்டுவந்திருந்தேன். அவர்களிடம் 'க' ஓசைக்கு இரண்டு எழுத்துகள். ஆசாரியனின் 'க' ஒன்று, பூனையின் 'க' வேறொன்று. அந்த ஓர் எழுத்து இருந்திருந்தால் போதும். அது இருந்த இடத்தில் மூன்று துளைகள். மூன்று துளைகளை வைத்து எந்த எழுத்தென்று சொல்ல எவராலும் ஏலாது.

"சரி," என்றார் அவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "தெரியாமலே போகட்டும். கையை எடுக்கச் சொல்லுறன்."

நான் எழுந்திருக்கவில்லை. துளைகளுக்கும் மிஞ்சியிருந்த எழுத்துக்கும் நடுவில், கொஞ்சம் உயரத்தில், ஈயத்தில் இரண்டு சிறிய கோடுகள் இருந்தன. நகத்தால் கீறியது போலச் சாய்வாக. பாசியைத் துடைத்தேன், அசையவில்லை. எழுத்து விழுந்திருந்தது, கோடுகள் விழவில்லை.

"இது என்ன?" என்றேன்.

"எது? அதோ? அது எழுத்தில்லை. அது சும்மா..." அவர் மறுபடி குனிந்தார். விரல் கல்லின் மேல்பகுதிக்குப் போனது, 'இங்கே அடக்கம்' என்ற இடத்துக்கு. அந்த இரண்டு எழுத்துக்கு நடுவிலும் அதே இரண்டு கோடுகள். விரல் மறுபடி கீழே வந்தது.

"சுருக்கினால் போடுறது," என்றார் மெதுவாக. "முழுச் சொல்லு இல்லை, முதலெழுத்துகள் எண்டு காட்ட."

"புள்ளி," என்றேன் நான் தமிழில்.

"என்ன?"

ஆங்கிலத்தில் சொன்னேன். எங்களுக்குப் புள்ளி, உங்களுக்குக் கோடு. பூனைக்கு எவரும் புள்ளி வைக்க மாட்டார்கள், பூனை ஒரு முழுச் சொல். சையின் கதை அவருக்கு முன்பே தெரியும், வேலிக்கு மேலால் பல தரம் கேட்டுச் சிரித்தவர். இப்போது சிரிக்கவில்லை. இரண்டு கோடுகளையும் விரல் நுனியால் தொட்டுக்கொண்டு நின்றார்.

இங்கே நான் ஒழுங்காக எழுத வேண்டும். அந்தக் கோடுகள் இரண்டாயிரம் வருடப் பரம்பரையை நிரூபிக்கவில்லை. ஒன்றைத்தான் சொல்கின்றன. ஒன்பது வயது மகனின் வாய்மொழியைக் கேட்காமல், தகப்பனை நேரில் அறிந்தவர்கள் இந்தக் கல்லுக்கு எழுத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்தப் பெயர் இரண்டு சொற்களின் முதலெழுத்து. கோஹன், செடெக். இவ்வளவையும் அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். தை மாதத்து வாழைப்பழத் தோல் நினைவுக்கு வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

அவராகவே கேட்டார். "இவ்வளவும் காணுமோ?"

"உங்களுக்கு?"

"எனக்கு."

"அதை நீங்கள்தான் சொல்லோணும்," என்றேன்.

அவர் கைப்பையைத் திறந்து கடதாசியை எடுத்தார். தூறலுக்கு என் குடையைப் பிடித்தேன். கல் வேலைக்காரர் போட்ட வரைபடத்தில் கைகளுக்குக் கீழே எபிரேயத்தில் பெயர் இருந்தது. இரண்டு எழுத்துகள், நடுவில் ஒன்றும் இல்லை. மாதிரிதானே என்று விட்டிருக்கலாம். அவர் பென்சிலை நாக்கில் நனைத்து, இரண்டு எழுத்துக்கும் நடுவில் இரண்டு சாய்ந்த கோடுகளை அழுத்திப் போட்டார். கடதாசி சற்றே கிழிந்தது.

"சரியோ?"

"சரி," என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தரையில் ஒரு சின்னக் கல்லைத் தேடியெடுத்து மாமனாரின் கல்லின் மேல் வைத்தார். வாசலில் இருந்த குழாயில் கை கழுவினார், அது அவர்கள் வழக்கம். நானும் கழுவினேன். எங்களுக்கு அது காணாது. வீட்டுக்குப் போனதும் ஒன்றையும் தொடாமல் நேரே மாடிக்குப் போய்த் தலைமுழுக வேண்டும் என்று புறப்படும்போதே உத்தரவு போடப்பட்டிருந்தது.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தை நோக்கித் திரும்பினேன். அவர் வரவில்லை. நடைபாதையில், மதிலுக்கு முன்னால், மதிலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருடைய தம்பி கிடப்பது இங்கே அல்ல, லண்டனின் மறுபக்கத்தில். ஆனால் மதில்கள் எல்லாம் ஒரே உயரம்தான்.

"வெளியிலை நிண்டால் என்ன தெரியும் எண்டு ஒருநாளும் பாக்கேல்லை," என்றார்.

நானும் பார்த்தேன். செங்கல். அதற்கு மேல் ஒரு மரத்தின் இலையில்லாக் கொப்புகள்.

"ஒண்டும் தெரியேல்லை," என்றார். "நான் அவற்றை குடையை எண்டாலும் பாத்தனான். அவருக்கு என்ரை தலைகூடத் தெரிஞ்சிருக்காது."

"எவ்வளவு நேரம் நிண்டவர்?"

"முழு நேரமும். மழை விடேல்லை. நான் வெளியிலை வரேக்கை அந்த இடத்தை விட்டு ஓரடி அசையேல்லை. நான் அவரைப் பாக்காமல் காரிலை ஏறினனான்."

பஸ் வந்தது. நான் கை காட்டப் போனேன். அவர் அசையவில்லை என்பதைக் கண்டு கையை இறக்கினேன். பஸ் போனது. குடையை அவர் பக்கம் நீட்டினேன். வாங்கித் தன் கையாலேயே பிடித்துக்கொண்டார், நேராக, உள்ளே நிற்பவருக்கு மதிலுக்கு மேலே தெரியும்படி உயர்த்தி. என் தோள் நனைந்தது. அடுத்த பஸ்ஸும் வந்து, கதவைத் திறந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு போனது.

அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: தூறல், பதினொன்று பத்திலிருந்து. இரயில் இல்லை, மாற்று பஸ். கல் கிடைத்தது, கோடுகள் இரண்டும் உண்டு. திரும்பும்போது பன்னிரண்டு பதினாறு பஸ்ஸையும் பன்னிரண்டு இருபத்தெட்டு பஸ்ஸையும் விட்டோம்.